எந்த நாட்டுக்கு?

2009 ஆம் ஆண்டு பெப்ரவரித் தொடக்கம். ஹற்றனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்து வாசலில் அமர்ந்து, பேரன் வாசித்த பத்திரிகைச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார் ஒரு முதியவர். ருவாண்டாவில் நடைபெற்ற, இருபது வயதுக்குட்பட்டோருக்கான ஆபிரிக்க உதைபந்தாட்ட இறுதியாட்டத்தில் கானா இளைஞர் கமரூனை 2-0 என வென்றிருந்தனர்.

ருவாண்டாவும் மலைநாடே, அங்கும் தேயிலை விளைகிறது என்றறிந்தபோது அவர் முகம் மலர்ந்தது. வேலை முடிந்த மாலைகளில், அட்டைக்கடியோடு, வெறுங்காலுடன் கோல் காத்தவரல்லவா!

"தாத்தா, நீங்க எந்த நாட்டுக்கு வெளையாடியிருப்பீங்க?"

விளையாட்டாய்க் கேட்ட கேள்விதான். ஆனால், தேசிய அணியில் ஆடுவதற்குப் பிரஜாவுரிமை வேண்டும். 1948 ஆம் ஆண்டின் சட்டம் அவரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தமோ 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்து, 150,000 பேரைப் பின்னர் பார்ப்போமென ஒதுக்கியது. மனிதரைப் பங்கிடுவதில் எத்துணை முழு எண்கள்! 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் உரிமை கைக்கு வந்தபோது, அவருடைய முழங்கால் மடங்க மறுத்தது.

"நம்ம தோட்டத்துக்குத்தான்யா" என்றார். சற்றுப் பொறுத்து, கமரூன் கோல்காப்பாளன் அந்தப் பந்துகளை எந்தப் பக்கமாக விட்டான் என்று வினவினார். பத்திரிகையில் அது இருக்கவில்லை.