அந்த வீடு யாருடையது?

 

உங்கள் வீட்டிலும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஒரு பிள்ளை காத்துக்கொண்டிருக்கலாம். பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பல்கலைக்கழகத்தின் கதவு திறப்பதற்குள் ஒரு வருடம் ஓடிவிடுகிறது. சிலருக்கு அதற்கும் மேல். ஆண் பிள்ளை என்றால் கடைக்கோ கம்பியூட்டர் வகுப்புக்கோ போகிறான். பெண் பிள்ளைக்கு அந்த வருடம் குசினிக்கும் முன்வாசலுக்கும் இடையில் கரைந்துவிடுகிறது. இல்லாவிட்டால் கல்யாணப் பேச்சில் முடிகிறது.

என் மூத்த மகள் இப்போது அந்த வருடத்தில்தான் இருக்கிறாள். ஓர் இரவு, சாப்பிட்டுக் கை கழுவியதும், கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டினாள்.

"உம்மா, இதக் கொஞ்சம் பாருங்க."

வெளிநாடொன்றில் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தில் மூன்று மாதம் தொண்டு செய்ய இளைஞர்கள் தேவையாம். போக வரச் செலவு நம்முடையது. அதற்கு மேல் ஒரு தொகையும் கட்ட வேண்டும். வயது 18 ஆகியிருந்தால் போதும், வேறு தகுதி எதுவும் தேவையில்லை.

அவளுடைய வாப்பா, "பொம்புளப் புள்ளயத் தனியா அனுப்புறதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இஷாத் தொழுகைக்குப் போய்விட்டார். எனக்கு 'போ' என்றும் சொல்ல வரவில்லை, 'போகாதே' என்றும் சொல்ல வரவில்லை. அவளை அருகில் இருத்தி என்னுடைய ஒரு பிழையைச் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்லத் தோன்றுகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சாய்ந்தமருதில் கடலோரம் இருந்த தெருக்களுக்கு அன்று காலை என்ன நடந்தது என்பதை இந்தக் கரையில் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கு மேல். எங்கள் வீடு பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் அல்லாஹ்வின் அருளால் தப்பினோம். நானும் அப்போது உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அழைப்பை எதிர்பார்த்து வீட்டில் இருந்தேன். ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்பதால் அகதிகள் தங்கியிருந்த பாடசாலைக்கு என்னை உதவிக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் தனியாக அடுத்த தெருவுக்குக்கூடப் போகாதவள் நான்.

அங்கே எனக்குக் கிடைத்த வேலை, படிவம் நிரப்புவது. நிறுவனம் ஒன்று ஆங்கிலத்தில் படிவம் கொடுத்திருந்தது. முதல் வரியில் 'குடும்பத் தலைவர்' என்று இருந்தது. தலைவர் என்றால் ஆண்தானே! எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கணவரின் பெயரைக் கேட்டு எழுதினேன். கணவர் மௌத்தாகியிருந்தால் மூத்த மகனின் பெயரை எழுதினேன். ஒரு நாளில் முப்பது, நாற்பது படிவங்கள். வேகமாக எழுதுகிறேன் என்று பாராட்டும் கிடைத்தது.

மார்ச் மாதம் அந்த வெள்ளைக்காரப் பிள்ளை வந்தாள். இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, பல்கலைக்கழகம் போவதற்கு முன் ஒரு வருடத்தை ஒதுக்கி, கடையொன்றில் வேலை செய்து சேர்த்த காசில் தானாகவே வந்திருந்தாள். எந்த நிறுவனமும் அவளை அனுப்பவில்லை. அந்த நாட்டுப் பிள்ளைகளிடம் இது பழைய வழக்கம். 1958 இல் அங்கே வீ.எஸ்.ஓ. என்ற தொண்டர் அமைப்பு தொடங்கியபோது, பள்ளி முடித்த 18 வயதுப் பிள்ளைகளைத்தான் வெளிநாடுகளுக்கு அனுப்பியது.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் தங்குவதற்கு எங்கள் ஊர் ஆசிரியர் ஒருவரின் வீட்டில் இடம் கொடுத்தார்கள். பெட்டி நிறைய வர்ணப் பென்சில்கள் கொண்டு வந்திருந்தாள். பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் சித்திரமும் சொல்லிக் கொடுப்பது அவளுடைய திட்டம். மூன்று நாள் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். நான்காம் நாள் நாலு பேர்தான். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் குர்ஆன் மத்ரஸா. அவர்களுக்கு நேரம் ஏது?

அவள் கோபித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பவில்லை. பென்சில் பெட்டியைப் பாலர் பாடசாலை ஆசிரியையிடம் ஒப்படைத்தாள். பிறகு பெண்களோடு வந்து உட்கார்ந்தாள். பாஷை தெரியாது. வெங்காயம் உரித்தாள், மீன் ஆய்ந்தாள், பிளேன்டீ குடித்தாள். ஒரு நாள் நான் படிவம் நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், சும்மா தெரிந்துகொள்வதற்காக ஒரு கேள்வி கேட்டாள்: "கடல் கொண்டுபோன அந்த வீடு யாருடையது?"

கேள்வியைத் தமிழில் சொன்னேன். எதிரில் இருந்த ராத்தா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இதென்ன கேள்வி மகள்? என்ட ஊடுதான். என்ட உம்மா எனக்குத் தந்த ஊடு."

சகோதரிகளே, நமது கிழக்கிலங்கை வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு வீடு கொடுக்கிறோம், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு அதே வளவில் சிறிய வீடொன்றில் ஒதுங்கிக் கொள்கிறாள். உறுதியும் பெண்ணின் பெயரில்தான். பெண்ணைப் பெற்றவர்கள் சீதன வீட்டுக்காகப் படும் பாடு வேறு கதை. ஆனால் வீடு அவளுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இதெல்லாம் அந்த வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தெரியாது, அதனால் கேட்டாள். எல்லாம் தெரிந்த நான் கேட்காமலே எழுதினேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் நாங்கள் இருவரும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போனோம். இழந்த வீடு யார் பெயரில் இருந்தது, உறுதி எழுதிய நொத்தாரிசு யார், எந்த வருடம், நினைவிருந்தால் உறுதி இலக்கம். உறுதிகளைக் கடல் கொண்டுபோயிருந்தாலும், பதிவு செய்த உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் பதிவு இருக்கும். விபரம் கொடுத்தால் பிரதி எடுக்கலாம். பலருக்கு நொத்தாரிசின் பெயர் மட்டுமே நினைவிருந்தது. அதுவும் பிரயோசனப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்களின் விபரம் அந்தக் கொப்பியில் சேர்ந்தது. அவளுக்கு யாரும் கொடுக்காத வேலை அது. இங்கே வந்து, எங்களோடு இருந்து கண்டுபிடித்த வேலை. அவள் திரும்பிப் போன பிறகும் கொப்பி எங்களிடமே இருந்தது. வேலையும் தொடர்ந்தது.

அந்த நாட்களில் கிழக்குக் கரையில் 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் எல்லை போட்டிருந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. மேற்கே வயல், கிழக்கே கடல். இடையில் ஏற்கெனவே நெருக்கியடித்து வாழும் ஊர் நமது ஊர். எங்கே காணி கிடைக்கும், யார் பெயரில் கிடைக்கும் என்பதே அன்று எல்லோருடைய வாயிலும் இருந்த பேச்சு. வீடும் பணமும் 'குடும்பத் தலைவர்' பெயரில் போவதால் கிழக்கில் பெண்கள் சொத்தை இழக்கிறார்கள் என்று பெண்கள் அமைப்புகளும் சுட்டிக்காட்டின.

இனி என் பிழைக்கு வருகிறேன். அந்த ராத்தாவின் ஒரே மகனைக் கடல் கொண்டுபோய்விட்டது. கணவர் ஆழ்கடலில் தோணியில் இருந்ததால் தப்பினார். அவர்களுடைய படிவத்தை நான் முன்பே நிரப்பி அனுப்பியிருந்தேன், கணவரின் பெயரில். அதைத் திருத்த வேண்டும் என்று ஒரு தடவை போய்க் கேட்டேன். மேலே அனுப்பியாகிவிட்டது என்றார்கள். மறு தடவை நான் போகவில்லை. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சில மாதங்களில் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டேன்.

சில வருடங்களில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. 2013 இல் கணவர் மாரடைப்பால் மௌத்தானார். பிள்ளை இல்லாத மனைவிக்குக் கணவரின் சொத்தில் நாலில் ஒரு பங்கு. மீதி அவருடைய சகோதரர்களுக்கு. அது மார்க்கம் வகுத்த பங்கு, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அவர்களும் தங்களுக்கு உரியதைத்தான் கேட்டார்கள். ஆனால் உம்மா கொடுத்த வீட்டுக்குப் பதிலாக வந்த வீடு, கணவரின் சொத்தாக ஆனது எப்படி? நான் எழுதிய ஒரு வரியால். வீட்டை விற்றுப் பங்கு பிரித்தார்கள். ராத்தா இன்று தங்கையின் வளவில் ஒரு அறையில் இருக்கிறார். என்னைக் கண்டால் இன்றும் "வாங்க மகள்" என்றுதான் கூப்பிடுகிறார். நான் அவரிடம் சொல்லிவிட்டேன். "நீங்களும் சின்னப் புள்ளதானே" என்றார். அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இல்லை.

இதைக் கேட்டுவிட்டு என் மகள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்ப நான் போகக்கூடாதா உம்மா?"

"போகலாம். முதல்ல கேட்டுட்டுப் போ" என்றேன்.

உன்னை வரச் சொல்லிக் கேட்டவர்கள் யார்? அந்த ஊர்க்காரர்களா, காசு வாங்கும் இடைத்தரகரா? நீ செய்யப்போகும் வேலையை அங்கேயே ஒருவர் சம்பளத்துக்குச் செய்ய முடியாதா? நீ திரும்பி வந்தபின் அங்கே என்ன மிஞ்சும்? யாரோடு போவாய், யார் வீட்டில் தங்குவாய்? வாப்பா கேட்ட கேள்விக்கு விடை இந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது.

அந்த அநாதை இல்லத்தைப் பற்றியும் சொன்னேன். கம்போடியாவில் யுனிசெப்பின் துணையோடு 2011 இல் வெளிவந்த ஆய்வின்படி, அங்குள்ள இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். தொண்டு செய்ய வருபவர்களின் காசுக்காகவே சில இடங்களில் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து வைக்கிறார்கள். 2019 இல் ஐ.நா. பொதுச்சபையும் இதைப் பற்றித் தன் தீர்மானத்தில் எச்சரித்திருக்கிறது. நல்ல மனதோடு போகும் பிள்ளை, ஒரு தாயின் கண்ணீருக்குக் காரணமாகிவிடலாம்.

நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. அதே 1958 இல்தான் ஏ. டி. ஆரியரத்ன என்ற ஆசிரியர், கொழும்பு நாலந்தா கல்லூரி மாணவர்களை விடுமுறையில் கனதொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்குக் கூட்டிப்போனார். அந்த மக்களோடு தங்கி, அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். சர்வோதயமும், நாம் எல்லோரும் அறிந்த 'சிரமதானம்' என்ற சொல்லும் அங்கிருந்துதான் பரவின.

மகள் இப்போது என்ன செய்கிறாள் தெரியுமா? எங்கள் தெருப் பெண்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்தப் புறப்பட்டாள். போகுமுன் கேட்டாள். "ஆங்கிலம் எதுக்கு மகள், சிங்களத்தில வாற கடிதத்த வாசிச்சுச் சொல்லுங்க" என்றார்கள். அவளுக்குச் சிங்களம் நன்றாக வரும். அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் முன்வாசலில் பாய் விரித்து உட்காருகிறாள். கிளினிக் துண்டு, வங்கிக் கடிதம், ஓய்வூதியக் கடிதம் எல்லாம் வருகின்றன. எதையும் நிரப்புமுன் அவள் கேட்கும் முதல் கேள்வி என்ன என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

வெளிநாட்டு ஆசையை அவள் விட்டுவிடவில்லை. தன் தோழியோடு சேர்ந்து இரண்டு இடங்களுக்கு எழுதியிருக்கிறாள். 'எனக்கு இவை தெரியும், உங்களுக்கு என்ன தேவை?' என்று கேட்டு எழுதியிருக்கிறாள். ஓரிடத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. அவளுடைய வாப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். இன்ஷா அல்லாஹ், பார்ப்போம்.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் அந்த ஒரு வருடத்தைச் சும்மா கரைய விடாதீர்கள், சகோதரிகளே. கடல் கடந்தாலும் சரி, அடுத்த தெருவானாலும் சரி, அனுப்புங்கள். பேனாவைத் திறக்கும் முன் வாயைத் திறந்து கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.