உடைந்த முட்டைகளின் சாட்சியம்

தான் இட்ட முட்டையைத் தானே தின்னும் தாய்ப்பறவையைக் கண்டால் நாம் என்ன சொல்வோம்? "பாவி" என்று ஏசிவிட்டு அப்பாற் செல்வோம். பிரித்தானியாவின் மலைப்பாறைகளில் வாழும் பெரிகிரின் என்னும் வல்லூறுகளிடத்தே 1950களில் இக்காட்சி காணப்பட்டது. அவற்றின் கூடு சுள்ளி அடுக்கிய கூடன்று; பாறை விளிம்பில் மண்ணைக் கீறி அமைத்த சிறு குழியே. அக்குழிகளில் உடைந்த முட்டைகள் கிடந்தன. டெரெக் ரட்கிளிவ் என்னும் ஆராய்ச்சியாளர் ஏசவில்லை. எண்ணிக் குறித்து வைத்து, 1958இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார்.

1960இல் பந்தயப் புறா வளர்ப்போர், வல்லூறுகள் பெருகித் தம் புறாக்களைக் கொல்கின்றன என்று முறையிட்டனர். கணக்கெடுத்தபோதோ நேர்மாறான உண்மை வெளிப்பட்டது. 1963 அளவில், போருக்கு முன்னிருந்த வல்லூறுகளிற் பாதிகூட எஞ்சியிருக்கவில்லை!

முட்டையோடு மெலிந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய முட்டைகள் வேண்டுமே. அவற்றுக்கு எங்கே போவது? கூடுகளைக் கொள்ளையிட்டு முட்டை சேர்ப்பது அந்நாட்டுக் கனவான்கள் சிலரின் நெடுங்காலப் பொழுதுபோக்கு. எமக்கு அது அருவருப்பானதே. ஆயினும் உள்ளீடு நீக்கப்பட்டு, பஞ்சில் வைத்துக் காக்கப்பட்ட அந்தத் திருட்டு முட்டைகளே இப்போது சாட்சி கூறின. ரட்கிளிவ் ஒவ்வொன்றின் நிறையையும் நீள அகலங்களோடு ஒப்பிட்டார். 1947ஐ அண்டிய காலத்திலிருந்து ஓடு திடீரென மெலிந்திருந்தது. வல்லூற்றின் முட்டையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. குருவிகளை வேட்டையாடும் சிறுபருந்துக்கும் அதே கதி. 1967இல் 'நேச்சர்' சஞ்சிகை இதனை வெளியிட்டது.

போர் முடிந்ததும் வயல்களிற் பரவிய டி.டி.ரி.யே காரணம். பூச்சியிலிருந்து குருவிக்கும், குருவியிலிருந்து பருந்துக்குமாக அந்நஞ்சு கொழுப்பிலே சேர்ந்து செறிகின்றது. உடலில் அது மாறி உண்டாகும் பொருள், ஓடு உருவாகும் உறுப்பிற்குச் சுண்ணச்சத்துச் செல்வதைத் தடுக்கின்றது. அடைகாக்க அமர்ந்த தாயின் பாரமே முட்டையை நொறுக்கிவிடுகின்றது. தின்றது கொடுமையாலன்று, உடைந்ததையே தின்றது.

இதனை வகுப்பிற் சொன்னால், "அப்படியானால் அது கெட்ட மருந்துதானே, சேர்?" என்று மாணவர் கேட்பர். நாம் உடனே தலையசைப்பதில்லை. 1934–35 மலேரியாவில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1946 முதல் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது, 1963இல் நாடு முழுவதிலும் நோயாளர் 17 பேர் மட்டுமே. நம் பாட்டன் பாட்டியர் பலர் பிழைத்தது அதனாலேதான். நுளம்பு தங்கும் சுவரிலே அளவோடு பூசுவது வேறு, பயிர்நிலமெங்கும் ஆண்டுதோறும் கொட்டுவது வேறு என்போம். எல்லோரும் அதனை ஏற்பதில்லை. வாதம் மணியடிக்கும்வரை நீளும்.

அமெரிக்கா 1972இலும் பிரித்தானியா 1984இலும் அதனைத் தடைசெய்தன. ஓடுகள் மெல்லத் தடித்தன. இன்று இலண்டன் மாநகரின் உயர்ந்த கட்டடங்களிலும் பெரிகிரின் வல்லூறு முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றது. அங்கே புறாக்களுக்கும் குறைவில்லை.