சாமைக் களத்தில் கூடைப்பந்து

பந்தயத்தில் தோற்றுப் போனவர்களுடன் பிரயாணம் செய்வதில் ஒரு சௌகரியம் உண்டு. ஜன்னலோர இடத்துக்கு அவர்கள் போட்டி போட மாட்டார்கள். சென்ற வருஷம் புரட்டாசி மாதக் கடைசியில், வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு அந்த இடம் சுலபமாகக் கிடைத்ததற்கு அதுவே காரணம். என் பக்கத்தில் என் அண்ணன் மகன் உட்கார்ந்திருந்தான். ஆறடி இரண்டங்குல உயரமுள்ள அவன், முழங்கால்களை எங்கே வைத்துக் கொள்வதென்று தெரியாமல் திண்டாடிக் கொண்டிருந்தான். அவனுக்கு அப்பால் அவனுடைய சிநேகிதன். அவன் இவனுடைய தோளுக்குத்தான் வருவான். ஆனால் கூடைப்பந்து அவன் கைக்குப் போய்விட்டால், ஐந்து பேர் சூழ்ந்து கொண்டாலும் அதைப் பிடுங்க முடியாது. இதை நான் முதல் நாள் மாலை என் கண்ணாலேயே பார்த்தேன். தன் பெயரைப் பத்திரிகையில் எழுத வேண்டாமென்று அவன் கேட்டுக் கொண்டிருப்பதால், அவனுடைய சட்டையில் இருந்த இலக்கத்தைக் கொண்டு 'ஏழாம் நம்பர்' என்றே அழைப்போம்.

முதல் நாள் நடந்ததைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வேலூரை அடுத்த சேர்க்காட்டில் 2002-ம் வருஷத்தில் ஏற்பட்ட திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலாசாலைகள், வருஷத்துக்கு ஒரு முறை தங்களுக்குள் கூடைப்பந்துப் போட்டி நடத்துகின்றன. ஒரு முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பையன்களின் கலாசாலை அரை இறுதிப் பந்தயம் வரையில் வந்து விட்டது. ஆட்டம் முடிய மூன்று விநாடி இருந்தபோது எதிர்க் கட்சிக்கு ஒரு புள்ளி அதிகம். பந்து ஏழாம் நம்பர் கையில் இருந்தது. எறிந்தான். பந்து வளையத்தின் விளிம்பில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிற்று. இன்னும் அரைச் சுற்றுச் சுற்றிற்று. அப்புறம் வெளிப்பக்கமாக விழுந்து விட்டது. அவ்வளவுதான். கொட்டகையில் பாதிப் பேர் கூத்தாடினார்கள். அவன் மட்டும் வளையத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

"ஊருக்கு வாங்க, ஐயா. சாமை அறுப்புக்கு முன்னாடி வந்தா மலை நல்லா இருக்கும்" என்று அன்றிரவு அவன் என்னைக் கூப்பிட்டபோது, மறுக்க எனக்கு மனம் வரவில்லை. மலைக்கு மேல், ஜமுனாமரத்தூருக்கும் அப்பால், அவனுடைய ஊர் இருக்கிறது.

பஸ் புறப்பட்டது. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. தேறுதல் சொல்வது நம் கடமையென்று எண்ணி, அமெரிக்க நாட்டுக் கதை ஒன்றை ஆரம்பித்தேன்.

அந்த நாட்டில் கலாசாலைகள் பிரதேசவாரியாகச் சங்கங்கள் அமைத்துக் கொண்டிருக்கின்றன. குளிர்காலம் முழுவதும் ஒரு சங்கத்துக் கலாசாலைகள் தங்களுக்குள் மாற்றி மாற்றி ஆடும். அது முடிந்ததும் மார்ச் மாதத்தில் அந்தச் சங்கத்துக்கென்று ஒரு கடைசிப் போட்டி. அதில் ஜெயித்தவர்கள் தேசப் போட்டிக்குப் போவார்கள். அட்லாண்டிக் கரையோரக் கலாசாலைகளின் சங்கம் 1953-ல் ஏற்பட்டது. மறு வருஷமே தன் முதல் கடைசிப் போட்டியை நடத்தியது. அந்தச் சங்கத்திலிருந்து ஒரே ஒரு கோஷ்டிதான் தேசப் போட்டிக்குப் போகலாம். மூன்று மாத காலம் எவ்வளவு அற்புதமாக ஆடியிருந்தாலும் சரி, கடைசிப் போட்டியில் சறுக்கினால் வீடு போய்ச் சேர வேண்டியதுதான். 1974, மார்ச் 9-ந் தேதி, கிரீன்ஸ்பரோ நகரத்தில் மேரிலாந்துக் கலாசாலையும் நார்த் கரோலினா ஸ்டேட் கலாசாலையும் இறுதிப் பந்தயத்தில் மோதின. தேசத்திலேயே தலைசிறந்த கோஷ்டிகளில் இரண்டு அவை. குறித்த நேரம் முடிந்தபோது இரண்டு பக்கமும் சமம். அதிகப்படியாக ஐந்து நிமிஷம் ஆடினார்கள். மேரிலாந்து 100, எதிரிகள் 103. ஜெயித்தவர்கள் அந்த வருஷம் தேசப் பட்டத்தையே அடைந்தார்கள். மேரிலாந்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். இதென்ன நியாயம் என்று பேச்சுக் கிளம்பிற்று. 1975 முதல் தேசப் போட்டியில் 32 கோஷ்டிகளைச் சேர்த்துக் கொண்டார்கள்; ஒரே சங்கத்திலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட கோஷ்டிகள் வரலாமென்றும் ஏற்பாடாயிற்று.

கதையை வெற்றிகரமாக முடித்து விட்டு ஏழாம் நம்பரைப் பார்த்தேன்.

"அந்த மேரிலாந்துப் பசங்களுக்கு அதனால என்ன ஐயா லாபம்?" என்றான்.

நல்ல வேளையாக ஆலங்காயம் வந்து விட்டது. கீழே இறங்கி வடை வாங்கிக் கொண்டேன்.

ஆலங்காயத்தைத் தாண்டியதும் பாதை மலைமேல் ஏறுகிறது. ஜவ்வாது மலை, நீலகிரியைப் போல வானத்தை முட்டிப் பயமுறுத்துகிற மலை அல்ல. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய அது, திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஜில்லாக்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இங்கேதான். சந்தனத்துக்குப் பெயர் போன காடு. இப்போது சந்தன மரத்தைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வழியில் காவலூர் வருகிறது. சுமார் 725 மீட்டர் உயரத்தில், மரங்களுக்கு மேலே வெள்ளை வெளேரென்ற கும்மட்டங்கள் தெரிகின்றன. வைணு பாப்பு என்னும் விஞ்ஞானி இந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். 1986-ல் இந்த வான ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட தூரதிருஷ்டிக் கருவி இங்கே இருக்கிறது. 1988-ல் இங்கிருந்து கண்டுபிடித்த சிறு கிரகம் ஒன்றுக்கு நம் கணித மேதை ராமானுஜனின் பெயர் வைத்திருக்கிறார்கள். சுற்றுப்புறம் இருட்டாக இருந்தால்தான் இவர்களுக்கு வேலை நடக்கும். "இங்கே ஒரு விளையாட்டு மைதானம் போட்டு, ராத்திரியில் பெரிய விளக்கெல்லாம் ஏற்றினால் நட்சத்திரக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்" என்றான் என் அண்ணன் மகன். வாணியம்பாடியை விட்ட பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை அது.

ஜமுனாமரத்தூரில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தோம். மலையில் வாழும் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையை ஆள்கிறவர்கள் என்று அர்த்தமே தவிர, கேரள தேசத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சீபுரத்துப் பக்கத்திலிருந்து முன்னோர்கள் வந்ததாக அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. பாதையின் இரண்டு பக்கமும் சரிவெல்லாம் சாமைப் பயிர், கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. காற்றடித்தால் மலைச் சரிவே மூச்சு விடுவது போல் இருந்தது. இந்த அழகைக் கண்டு நான் இரண்டு முறை 'ஆஹா' என்றேன். ஏழாம் நம்பர் ஒரு கதிரைக் கையில் உருவிப் பார்த்து விட்டு, "இன்னும் எட்டு நாள்" என்றான்.

ஊரில் முப்பது வீடு இருக்கலாம். வீட்டுக்கு வீடு ஏற்றம் இறக்கம். வாசலில் நின்று பார்த்தால் அடுத்த வீட்டுக் கூரை காலடியில் தெரியும். ஊர் முழுவதிலும் சம தரை ஒன்றே ஒன்றுதான். அதுதான் சாமை அடிக்கும் களம். சாணியிட்டு மெழுகி, கல்லைப் போல் கெட்டிப்பட்ட தரை. அதன் ஓரத்தில் நட்டிருந்த மரக் கம்பத்தைப் பார்த்து நான் அப்படியே நின்று விட்டேன். கம்பத்தின் உச்சியில் இரண்டு பலகை. பலகையில் ஓர் இரும்பு வளையம்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் நட்டது" என்றான் ஏழாம் நம்பர். கீழே விடுதியில் தங்கி உயர்தரப் பள்ளியில் படித்தபோது விளையாட்டு வாத்தியார் கற்றுக் கொடுத்தாராம். லீவுக்கு வந்தவன் பழைய பீப்பாய்ப் பட்டையை வளைத்து வளையம் செய்தானாம். பத்தடி உயரத்தைக் கயிறு போட்டு அளந்து வைத்திருக்கிறான்.

மலைக்கு ஏற்ற விளையாட்டு இது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கால்பந்துக்கு 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் வேண்டும். மலையில் அத்தனை சம தரைக்கு எங்கே போவது? கூடைப்பந்துக்கு 28 மீட்டரும் 15 மீட்டரும் போதும். ஒரு கால்பந்து மைதானத்தில் பதினேழு கூடைப்பந்து மைதானங்களை அடக்கி விடலாம். ஒரே ஒரு வளையத்தை வைத்துக் கொண்டு பாதி மைதானத்தில் ஆடுவதானால் சாமைக் களமே தாராளம். இந்த ஆட்டம் பிறந்ததும் இட நெருக்கடியில்தான். 1891 டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில், வெளியே பனி கொட்டிக் கொண்டிருந்த காலத்தில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உபாத்தியாயர் கூடத்துக்குள்ளேயே ஆடக்கூடிய ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். பழம் வைக்கும் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். கூடைக்கு அடி இருந்தபடியால், பந்து விழும்போதெல்லாம் ஒருவர் ஏணியில் ஏறி எடுக்க வேண்டியிருந்ததாம். அந்த ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் தேகப் பயிற்சிக் கலாசாலையை ஆரம்பித்தார். அதிலிருந்து வெளிவந்த தேகப் பயிற்சி ஆசிரியர்கள் ஊர் ஊராகப் பரவினார்கள். ஏழாம் நம்பரின் வாத்தியார் எந்தக் கிளையில் வந்தவரோ, தெரியாது. ஆனால் அந்த ஸ்பிரிங்பீல்டுக் கூடைதான் இந்தப் பீப்பாய்ப் பட்டை.

சாயங்காலம் களத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடி விட்டார்கள். இவர்களுக்கும் ஒரு பந்தய காலம் உண்டு. ஆடி மாதம் தொடங்கும். முதல் சாமைக் கட்டு களத்துக்கு வந்து சேருகிற அன்று முடிந்து விடும். அதற்கு முந்தின வாரத்தில் மேல் தெருவும் கீழ்த் தெருவும் கடைசிப் பந்தயம் ஆடும். பரிசு ஒரு சீப்பு வாழைப்பழம். பந்து களத்தைத் தாண்டினால் சரிவில் உருண்டு ஓடைக்குப் போய்விடும்; அதனால் எல்லைக் கோட்டை மீறுகிறவன் இங்கே மகா பாவி.

"என்ன அண்ணே, ஜெயிச்சீங்களா?" என்று ஒரு பொடியன் கேட்டான்.

"இல்லடா."

"எத்தனையிலே?"

"ஒண்ணுலே."

பொடியன் சற்று யோசித்து விட்டு, "ஒண்ணுதானே!" என்றான்.

ஏழாம் நம்பரின் தங்கை பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். அவள் தாவணியை இழுத்துச் செருகிக் கொண்டு பந்தை எறிந்தாள். மூன்றுக்கு இரண்டு உள்ளே போயிற்று. பெண்களுக்கும் கலாசாலைப் போட்டி உண்டா என்று என்னைக் கேட்டாள். உண்டு, அம்மா, நிச்சயமாக உண்டு என்றேன். 1896-லேயே ஸ்டான்போர்டு, பெர்க்லி என்ற இரண்டு கலாசாலைப் பெண்கள் போட்டியிட்டு ஆடினார்கள். முடிவில் ஸ்டான்போர்டு 2, பெர்க்லி 1 என்றேன். "ரெண்டே ரெண்டா?" என்று அவள் சிரித்தாள். நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை இந்தியக் கோஷ்டிக்குத் தலைமை வகித்ததையும், 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றதையும் சொன்னேன். அதற்குச் சிரிக்கவில்லை. பந்தை வாங்கிக் கொண்டு திரும்பவும் கோட்டுக்குப் போனாள்.

இருட்டுகிற சமயத்தில் ஏழாம் நம்பரைக் காணோம். ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அங்கே ஏறினால்தான் கைபேசிக்கு அலை எட்டும். எதற்காகப் போயிருக்கிறான் என்று என் அண்ணன் மகன் அப்போதுதான் எனக்கு விளக்கினான். நம் நாட்டு ஏற்பாட்டில் ஒரு சிறு கருணை உண்டு. கலாசாலை தோற்றாலும் ஆட்டக்காரன் தோற்றவனாக மாட்டான். எல்லாக் கலாசாலைகளிலிருந்தும் நன்றாக ஆடியவர்களைப் பொறுக்கிப் பயிற்சி முகாமுக்கு அழைத்து, அதிலிருந்து பல்கலைக்கழகக் கோஷ்டியை அமைக்கிறார்கள். அந்தக் கோஷ்டி தென் மண்டலப் போட்டிக்குப் போகும். அதில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. முகாமுக்கு அழைக்கப்பட்டவர்களின் ஜாபிதா அன்று சாயங்காலம் வெளியாக வேண்டும்.

அவன் இறங்கி வரும்போது நன்றாக இருட்டி விட்டது. அப்பா திண்ணையில் அரிவாளைத் தீட்டிக் கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றான்.

"பேரு வந்திருக்கு."

"எப்போ?"

"அடுத்த வாரம். பத்து நாள்."

அரிவாள் நின்றது. சாமை முற்றினால் காத்திராது. ஒரு காற்றோ ஒரு மழையோ போதும், மணியெல்லாம் மண்ணில் உதிர்ந்து விடும். ஐப்பசி மழைக்கு முன்னால் அறுத்தாக வேண்டும். இது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இன்னொன்றும் தெரிந்திருந்தது. 2015 ஏப்ரல் 7-ந் தேதி, ஆந்திர தேசத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 பேரைப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் இந்த மலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். கூலிக்காக மலையை விட்டு இறங்கியவர்கள். அன்று முதல், பிள்ளை எங்கேயாவது போகிறேன் என்றால், எங்கே, யாரோடு, எத்தனை நாள் என்று கேட்காத தகப்பன் இந்தப் பக்கத்தில் கிடையாது.

அவரும் கேட்டார். எந்த ஊர், சாப்பாடு யார் போடுவார்கள், இரவில் எங்கே படுக்கை? அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். பெரியவர் என் பக்கம் திரும்பி, "நிசந்தானுங்களா, ஐயா?" என்றார். நிஜந்தான் என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன சாட்சியங்களில் இதைவிடச் சந்தோஷமானது கிடையாது.

வெகு நேரம் பேச்சில்லை. உள்ளேயிருந்து அம்மாள், "எங்க அண்ணன் வீட்டுலேருந்து ரெண்டு பேரைக் கூப்பிட்டுக்கிட்டாப் போச்சு" என்றாள்.

"அவங்களுக்கும் அறுப்பு இருக்குமில்லே?" என்றார் அவர். பிறகு அரிவாளின் முனையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "சரி. போறதுக்கு முந்தி மேல் துண்டை அறுத்துப் போட்டுட்டுப் போ. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

மறுநாள் காலையில் நான் கண் விழித்தபோது மலையில் பனி மூடியிருந்தது. ஏழாம் நம்பரும், தங்கையும், என் அண்ணன் மகனும் மேல் துண்டுக்குப் போயிருந்தார்கள். ஆறடி இரண்டங்குலம் குனிந்து சாமை அறுக்கிற காட்சியைப் பார்க்க நானும் மெதுவாக மேலே ஏறினேன். அவன் அறுத்தது ஒரு கட்டு. அவன் சிநேகிதன் ஒன்பது. கீழே களத்தில் பொடியன்கள் அவசர அவசரமாகப் பந்தாடிக் கொண்டிருந்தார்கள். முதல் கட்டு இறங்குவதற்குள் மேல் தெருவுக்கும் கீழ்த் தெருவுக்கும் கடைசிப் பந்தயம் முடிந்தாக வேண்டுமல்லவா?