அந்த டிரான்ஸ்ஃபார்மரை எரித்தது நான்தான்

"டிரான்ஸ்ஃபார்மர் பழசாகி எரிந்துபோச்சு" என்று, ரிப்பேருக்கு வந்த ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் சொந்தக்காரரிடம் சொன்னேன். அது பொய். எரித்தது நான். அதை மறைத்து, புது டிரான்ஸ்ஃபார்மருக்கும் தேவையே இல்லாத வால்வுகளுக்கும் அவரிடமே காசு வாங்கினேன்.

வந்தது ஒரு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப். 1963-இல் அறிமுகமான மாடல்; 22 வாட், பவர் வால்வு இரண்டும் 6வி6, ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவர், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. "அண்ணே, லைட் எரியுது, வால்வெல்லாம் எரியுது, சத்தம் மட்டும் வரல. கிறிஸ்மஸுக்குள்ள கிடைக்குமா?" என்றார்.

"பவர் வால்வு போயிருக்கும் தம்பி" என்றேன், ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாமல். மைக் செட் காலத்திலிருந்தே வால்வு தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. பார்த்துச் சொல்கிறேன் என்றால் அந்தப் பெயர் குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

நல்ல வால்வு ஆம்பில் ஸ்டாண்ட்பை சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கரில் காதை வைத்தால் லேசான இரைச்சலாவது கேட்கும். இதில் அதுவும் இல்லை. அப்படியென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்பீக்கர், அதன் ஒயர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஹை வோல்டேஜ் சப்ளை ஆகியவற்றைத்தான். ஸ்பீக்கரைச் சோதிக்கச் செலவே கிடையாது. மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்பீக்கர் பிளக்கைக் கழற்றி, அதில் மல்டிமீட்டரை வைத்தால் போதும். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 ஓம் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது. நான் மீட்டரை எடுக்கவே இல்லை.

பவர் வால்வுகளை மாற்றினேன். சத்தம் வரவில்லை. வால்யூமை முழுக்க வைத்துக் கிட்டாரை அடித்தேன். சேஸிஸுக்குள்ளிருந்து, நான் வாசித்த அதே சுரம் மெலிதாகக் கேட்டது. ஸ்பீக்கர் இணைப்பு அறுந்திருந்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே இப்படிப் பாடும் என்பது எனக்குத் தெரியும். அந்த நொடியே அணைத்திருக்க வேண்டும். ஆனால் கோளாறு ஒயரில் என்றால் வால்வு என்று நான் சொன்னது தப்பாகிவிடுமே! ப்ரீஆம்ப் வால்வுகளையும் மாற்றிவிட்டு, மறுபடியும் முழு வால்யூமில் வாசித்தேன். பட்டென்று வெடித்தது. கருகிய வார்னிஷ் வாடை அடித்தது. ஃபியூஸ் போய்விட்டது.

ஸ்பீக்கர் என்ற லோடு இல்லாமல் பலமான சிக்னலைக் கொடுத்தால், டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் வழக்கத்தை மீறிய வோல்டேஜ் எழும்பி இன்சுலேஷனைத் துளைத்துவிடும். இந்த ஆம்பில் அதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு: ஜாக்கில் பிளக் இல்லாவிட்டால் ஜாக்கே அவுட்புட்டை ஷார்ட் செய்துவிடும். இங்கேயோ பிளக் செருகியே இருந்தது. பிளக்குக்குள் ஒரு சால்டர் மட்டும் விட்டுப்போயிருந்தது. லோடும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

அந்த சால்டரை யாருக்கும் தெரியாமல் வைத்தேன். "எப்படிண்ணே போச்சு?" என்று அவர் கேட்டபோது, "பழசு தம்பி, அப்படித்தான்" என்றேன். நம்பினார். பணத்தைத் தவணையில் கட்டினார். டிரான்ஸ்ஃபார்மர் வந்து சேர்வதற்குள் கிறிஸ்மஸ் முடிந்துவிட்டது. இரவல் ஆம்பில்தான் வாசித்தார்.

தெரியாமல் செய்திருந்தால் அதைத் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். நான் தெரிந்தே செய்தேன். வெகுநாள் கழித்து அவரைத் தேடிப்போய், நடந்ததைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார். அதற்குப் பிறகு எந்த ரிப்பேருக்கும் என்னிடம் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சத்தம் வரவில்லை என்று எங்களிடம் கொண்டுவந்தால், ஸ்பீக்கரையும் ஒயரையும் அளந்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். மீட்டர் காட்டுவதை நேரில் பாருங்கள். கழற்றிய வால்வைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். சேஸிஸை மட்டும் நீங்களே திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயிருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் தேங்கியிருக்கலாம். 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற இடம் அது. அதனால்தான் எங்களை நம்பி வருகிறீர்கள். நாங்கள் சொல்வதைச் சரிபார்க்க உங்களுக்கு வேறு வழி இல்லை. அப்படி வந்த ஒருவரிடம்தான் நான் பொய் சொன்னேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்ததால் அந்தப் பொய் இல்லாமல் போய்விடவில்லை.