நாலு கதவு ஹெரால்டு

சென்னையில் கார் தயாரிப்பு என்றதும் 1998, இருங்காட்டுக்கோட்டை, சான்ட்ரோ என்று ஆரம்பிப்பவரா நீங்கள்? இன்னும் முப்பத்தேழு வருஷம் பின்னால் வாருங்கள். 1961. வண்டலூர். ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியிலிருந்து ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ வெளியே வந்த வருஷம். அம்பாஸடர் கல்கத்தாக்காரன், ஃபியட் பம்பாய்க்காரன். ஹெரால்டுதான் நம்ம ஊர்ப் பையன். மயிலாப்பூர் வக்கீல், தி.நகர் டாக்டர், அடையாறில் புதுசாக வீடு கட்டிய இன்ஜினீயர் என்று பலர் வீட்டு போர்ட்டிகோவில் நின்றவன்.

பூர்விகம் இங்கிலாந்து, கவென்ட்ரி. அங்கே 1959-ல் ‘ட்ரையம்ஃப் ஹெரால்டு’ என்று பெயர். உருவம் கொடுத்தவர் மிக்கெலாட்டி என்கிற இத்தாலிக்காரர். இதன் சேஸியைக் குட்டையாக்கித்தான் பிற்பாடு ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையே செய்தார்கள். நமக்கு வந்ததென்னவோ 948 சிசி இன்ஜின்தான். ஆனாலும் ஹெரால்டு ஓட்டுகிறவருக்கு அம்பாஸடரைப் பார்த்தால் ஒரு இளக்காரம் உண்டு.

இதன் பாடிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கவென்ட்ரி கம்பெனிக்கு பாடி செய்து தந்துகொண்டிருந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி விழுங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாகச் செய்துதர ஆள் இல்லை. என்ன செய்வார்கள்? அடியில் தனி சேஸி. மேலே பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கிவிட்டார்கள். அதனாலேயே பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி வேறு தேசத்தில் பூட்டுவது சுலபமாயிற்று. நம்மூரில் டிங்கரிங்காரருக்கும் சௌகரியம். இடிபட்ட துண்டை மட்டும் கழற்றினால் போதும்.

பானெட்டைத் திறப்பதே ஒரு வேடிக்கை. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் முன்பாகம் முழுசாக எழுந்து முன்னால் சாயும். மெக்கானிக் டயர் மேல் ஹாயாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். லண்டன் டாக்ஸி திரும்புகிற அளவு! மாட வீதியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு. பாட்டி, மாமி, மாமா மூவரும் பின்சீட்டில் ஏறினால் சக்கரங்கள் காலை அகட்டிக்கொண்டு நிற்கும். வேகமாக வளைத்துவிட்டு ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் உதறும். அநேக மெக்கானிக்குகளுக்கு இது பிடிக்கவே இல்லை.

இங்கிலாந்து ஹெரால்டு சலூனுக்குக் கடைசிவரை இரண்டே கதவுதான். நம் குடும்பங்களுக்கு அது போதுமா? மடிசார் மாமி முன்சீட்டை மடக்கிப் பின்னால் நுழைவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அறுபதுகளின் கடைசியில் நம்மவர்கள் நாலு கதவு வைத்தார்கள். என்னைக் கேட்டால், இந்த வண்டியில் நடந்த உருப்படியான ஒரே திருத்தம் அதுதான். அதை உட்கார்ந்து யோசித்தவரின் பெயர் ஒருவருக்காவது தெரியுமா?

1972-ல் பின் அச்சையும் மாற்றி ‘கெஸல்’ என்று விட்டார்கள். (கெஸல் என்றால் மான். வண்டலூருக்கு மிருகக்காட்சி சாலை வந்தது 1985-ல்தான். மான் முன்னாடியே வந்துவிட்டது!) அதே 1985-ல் ரோவர் பாடிக்குள் பழைய இன்ஜினைத் திணித்து ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒன்று கொண்டுவந்தார்கள். எண்பதுகள் முடிவதற்குள் கார் உற்பத்தியே நின்றுபோனது.

மிச்சமிருந்த ஹெரால்டுகளில் பாதி புதுப்பேட்டையில் பிரிந்துபோயின. எங்காவது போர்ட்டிகோவில் ஒன்று தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றால், வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு தார்ப்பாயை விலக்கிக் கதவுகளை எண்ணிப் பாருங்கள். நாலு இருந்தால், காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.