வாப்பாவின் பெயரும் விசாப் படிவமும்

நமது பெண் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த பெரியவர்கள் வெள்ளைக்காரரின் படிவங்களை நினைத்து வைக்கவில்லை. பாத்திமா ரிஸானா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள் என வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய வாப்பா முஹம்மது ஹனீபா. பிறப்புப் பதிவில் அவள் முஹம்மது ஹனீபா பாத்திமா ரிஸானா. பாடசாலை இடாப்பில் எம்.எச்.எப். ரிஸானா. வீட்டில் வெறும் ரிஸா. வாப்பாவின் பெயர் முன்னால் இரண்டு எழுத்தாக ஒதுங்கி நிற்கும். ஆளைக் கூப்பிடுவது சொந்தப் பெயரால்தான். இதில் "குடும்பப் பெயர்" எது என்று கேட்டால் நம்மில் பலர் சற்று யோசிப்போம். ஆனால் கடவுச்சீட்டில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அதைக் கேட்காமல் எந்த விசாப் படிவமும் நகராது.

என் மகளுக்கு 2024 ஜூன் மாதம் காவின் எழுதினோம். மாப்பிள்ளை இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். நிக்காஹ் முடிந்து மூன்றாம் கிழமை அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். மகளைக் கூப்பிட வேண்டிய கடதாசி வேலையெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலப் பரீட்சைச் சான்றிதழ், காசநோய்ப் பரிசோதனை, மருமகன் ஆண்டுக்கு 29,000 பவுண் உழைக்கிறார் என்பதற்கான அத்தாட்சி (2024 ஏப்ரலுக்கு முன்பு இது 18,600 ஆக இருந்தது), இருவரும் ஒன்றாக எடுத்த படங்கள் என்று ஒரு பைல் தடித்துக்கொண்டே போனது.

அந்த நேரத்தில்தான் சம்மந்தி லண்டனிலிருந்து கோல் எடுத்தார்.

"மகள்ட பேர எப்ப மாத்தப்போறீங்க? பேர் ரெண்டு விதமா இருந்தா இவங்க புருஷன் பொஞ்சாதியா என்டு எயார்போட்டுல சந்தேகப்படுவாங்க."

நல்ல மனிசி அவர். மருமகளின் பயணம் தடைப்படக் கூடாதே என்ற கவலையில் கேட்டதுதான். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவளும், "மாத்தினா என்ன உம்மா? அங்க எல்லாரும் செய்றதுதானே" என்றாள். புதுப் பெண். கணவரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். அதில் பிழை சொல்ல என்ன இருக்கிறது?

எனக்குத்தான் நெஞ்சு கனத்தது. அவளுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது அவளுடைய வாப்பா மௌத்தாகிவிட்டார். வீடும் இரண்டு சேட்டும் ஒரு கைக்கடிகாரமும் தவிர அவர் அவளுக்கு விட்டுப்போனது அந்தப் பெயர்தான். நிக்காஹ்வில் வலியாக நிற்கவும் அவர் இல்லை. மூத்த மகன் நின்றான். என் விவாகப் பதிவில் என் வாப்பாவின் கையொப்பம் இருக்கிறது, என்னுடையது இல்லை. முஸ்லிம் மணமகளும் பதிவில் கையொப்பமிட 2022 இல்தான் வழி பிறந்தது. என் மகள் தன் கையாலேயே முழுப் பெயரையும் எழுதினாள், வாப்பாவின் பெயரை முன்னால் வைத்து. அதே பெயரை அடுத்த மாதமே கடவுச்சீட்டிலிருந்து எடுப்பதா?

இதை நான் அவளிடம் சொல்லவில்லை. கலியாணமான பிள்ளையின் மனதில் அந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது. பேனையையும் ஒரு கொப்பியையும் எடுத்து, பெயர் மாற்றினால் என்னென்ன மாற்ற வேண்டிவரும் என்று எழுதத் தொடங்கினேன்.

முதலில் அடையாள அட்டை. பிறகு கடவுச்சீட்டு. இரண்டுக்கும் பத்தரமுல்லை சுஹுருபாயவுக்கு ஏறி இறங்க வேண்டும். பிறகு வங்கிக் கணக்கு. ஆங்கிலப் பரீட்சை எழுதியது பழைய பெயரில், காசநோய்ச் சான்றிதழும் அப்படியே. ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ்களில் உள்ள பெயர் கலியாணத்துக்காக மாறப்போவதில்லை. பிரித்தானிய விசாப் படிவத்திலோ, "நீங்கள் வேறு பெயரால் அறியப்பட்டிருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. புதுப் பெயரில் விண்ணப்பித்தால் பழைய பெயரையும் எழுதி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட வேண்டும். சந்தேகம் வரக் கூடாதென்று செய்கிற காரியம் நாமே ஒரு கேள்வியைத் தேடிக்கொள்வதாக முடிந்துவிடும்.

மருமகன் அங்கே ஒரு சட்டத்தரணியிடம் விசாரித்தார். பதில் சுருக்கமானது. கணவன் பெயரை மனைவி எடுக்க வேண்டும் என்று பிரித்தானியச் சட்டம் எங்கும் கேட்பதில்லை. தம்பதிகள் என்பதற்கு விவாகச் சான்றிதழ்தான் சாட்சி, பெயர் அல்ல. இப்போது கடவுச்சீட்டில் என்ன பெயரோ அதிலேயே விண்ணப்பியுங்கள். விசாவும் அந்தப் பெயரில்தான் வரும். பின்னால் மாற்ற விரும்பினால் மாற்றலாம், ஆனால் அங்கே ஒரு பெயரும் இலங்கைக் கடவுச்சீட்டில் இன்னொரு பெயருமாக விட வேண்டாம். ஒரு காலத்தில் பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுக்கும்போது இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள்.

நமது நாட்டுச் சட்டமும் பெயரை மாற்றச் சொல்வதில்லை. மார்க்கமும் அப்படித்தான். நபி (ஸல்) அவர்களின் மனைவியர் கதீஜா பின்த் குவைலித், ஆயிஷா பின்த் அபூபக்ர் என்று தம் வாப்பாமாரின் பெயராலேயே அறியப்பட்டார்கள். கணவன் பெயரை அடையாளத்துக்குச் சேர்ப்பதில் குற்றமில்லை என்று சொல்லும் ஆலிம்களும் உண்டு, வம்சம் மாறித் தெரியும் என்பதால் வேண்டாம் என்பவர்களும் உண்டு. நானே இருபத்தாறு வருடம் பாடசாலையில் "மிஸிஸ்" போட்டுக் கணவர் பெயரால்தான் அழைக்கப்பட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அடையாள அட்டையிலும் சம்பளப் பட்டியலிலும் நான் என் வாப்பாவின் மகளாகவே இருந்தேன். ஊர் கூப்பிடுவது ஒன்று, பதிவில் கிடப்பது இன்னொன்று.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. மருமகனின் "குடும்பப் பெயர்" என்று அங்கே பதிந்திருப்பது அவருடைய வாப்பாவின் பெயர். என் மகள் அதை எடுத்தால் அவள் பெயரோடு ஒட்டுவது கணவனின் பெயர் அல்ல, மாமாவின் பெயர்! இதைச் சொன்னதும் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றே அவளுடைய ஆசை பாதி கரைந்துவிட்டது. மிச்சப் பாதி, மொன்றியலில் இருக்கும் என் சாச்சியின் மகள் பேசியபோது போனது. கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் கலியாணத்தைக் காட்டிப் பெண் தன் பெயரை மாற்ற முடியாதாம். பிறந்த பெயரிலேயேதான் எல்லாப் பத்திரமும். "இங்க விரும்பினாலும் விடமாட்டாங்க ராத்தா" என்றாள்.

பெயரை மாற்றுவதில்லை என்று தீர்ந்த பிறகுதான் உண்மையான தலையிடி தொடங்கியது. பெயரின் எழுத்து! தமிழில் முஹம்மது என்றால் முடிந்தது. ஆங்கிலத்தில் அதை எழுத எத்தனை வழி என்று எண்ணிப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தை மொழிபெயர்த்தவர் ஒரு விதமாக எழுதியிருந்தார், கடவுச்சீட்டில் வேறு விதம், விவாகப் பதிவின் மொழிபெயர்ப்பில் முதலெழுத்துகள் மட்டும். பெண் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வேன்: மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கொண்டுபோய், இதில் உள்ளபடியே எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். நாங்கள் இரண்டாம் தரம் காசு கொடுத்தோம். அதோடு ஒரு சத்தியக் கடதாசியும் முடித்துப் பைலில் வைத்தோம்.

அவள் விண்ணப்பம் கொடுத்த அந்த நாட்களில், 2024 இன் பிற்பகுதியில், நாட்டில் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்கே தட்டுப்பாடு வந்தது. பத்தரமுல்லையில் சனங்கள் இரவிரவாக வரிசையில் கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது சம்மந்தியே கோல் எடுத்து, "அல்லாஹ் காப்பாத்தினான். மாத்தப் போயிருந்தா புள்ள இப்ப அந்த லைன்ல" என்றார்.

2025 பெப்ரவரியில் மகள் போய்ச் சேர்ந்தாள். அங்கே டொக்டரிடம் முதல் தடவை போன கதையைப் பிறகு சொன்னாள். தாதி வந்து வாப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். அந்தப் பெயரில் இன்னும் யாரோ இருக்கிறார்கள் என்று இவள் திரும்பிப் பார்த்திருக்கிறாள். இரண்டாம் தரம் கூப்பிட்டபோதுதான் எழும்பினாளாம். "வாப்பாட பேர சத்தமாச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம் உம்மா" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை.

இப்போது அவளுக்கு ஏழு மாதம். இங்கிலாந்தில் பிள்ளை பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும். குடும்பப் பெயர் என்ன போடுவது என்பது தாய் தகப்பனின் விருப்பம். நம் முறைப்படி பிள்ளைக்கு வர வேண்டியது மருமகனின் சொந்தப் பெயர். அங்கத்தைய வழக்கப்படி என்றால் சம்மந்தியின் கணவருடைய பெயர். இரண்டு வீட்டிலும் கதை தொடங்கிவிட்டது. மகள் மட்டும், "பொறந்த பிறகு பார்ப்பம்" என்கிறாள்.