மதுரம் படம்

துறையூரில் அப்போது எங்களுக்குக் கொட்டகை என்றால் டூரிங் டாக்கீஸ்தான். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால் திரை நன்றாகத் தெரியும். பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவார். புரொஜக்டர் ஒன்றே ஒன்று. ரீல் மாற்ற விளக்கைப் போட்டதும் முறுக்குக்காரர் உள்ளே நுழைந்துவிடுவார். பட்டணத்தில் ஓடித் தேய்ந்து, மழை பெய்வது போலக் கோடு விழுந்த பிரதிகள்தான் எங்கள் ஊருக்கு வரும். அந்தப் புண்ணியத்தில், நாங்கள் பிறப்பதற்கு முன் வந்த படங்களையும் பார்த்துவிட்டோம்.

'நல்லதம்பி' வந்தபோது ஊரெல்லாம் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் படம் என்றது. அப்பாயி மட்டும் 'மதுரம் படம்' என்றாள். டி.ஏ. மதுரம் திருச்சிக்காரர், நம்ம பக்கத்துப் பொண்ணு என்ற உரிமை அவளுக்கு. தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதியிலிருந்து அவள் சிரிப்பது எனக்குத் தனியாகக் கேட்கும். கலைவாணர் பேசும்போது அல்ல, மதுரம் பதிலுக்கு வாயைத் திறக்கும்போதுதான் அந்தச் சிரிப்பு வரும்.

மதுரம் 1935இல் 'ரத்னாவளி'யில் அறிமுகமானார். அடுத்து 'வசந்தசேனா' படப்பிடிப்புக்குப் புனே போனபோது என்.எஸ். கிருஷ்ணனோடு பழக்கம், அது கல்யாணத்தில் முடிந்தது. பிறகு இந்த ஜோடியின் நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எடுத்துப் படத்தில் கோத்துவிடுவது வழக்கமாயிற்று. கதாநாயகன் யாராயிருந்தால் என்ன, இவர்கள் இருந்தால் படம் விலைபோகும்.

தியாகராஜ பாகவதர் கதாநாயகனாகவும் இவர்கள் ஜோடியாகவும் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்தது. டிசம்பரில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். படமோ சென்னை பிராட்வே டாக்கீஸில் மூன்று தீபாவளி கண்டது. திரையில் புருஷனும் பெண்டாட்டியும் ஜனங்களைச் சிரிக்கவைத்தபடி இருக்க, புருஷன் சிறையில். பெண்டாட்டிக்கு வழக்குச் செலவே தலைக்கு மேல். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது.

மதுரம் மூலையில் உட்காரவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமத்தோடு சேர்ந்து என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். 'பைத்தியக்காரன்' நாடகம் படமானது. கையில் காசு வேண்டியிருந்தது. அதில் மதுரத்துக்கு இரட்டை வேடம், எம்.ஜி.ஆருக்கு ஒரு சின்ன வேடம். 1947 ஏப்ரலில் கலைவாணர் விடுதலையாகி வந்ததும் அவருக்கென்று சில காட்சிகளைச் சேர்த்தார்கள். ஜோடியில் பாதி என்று பேரெடுத்தவர், கிட்டத்தட்ட அந்த இரண்டரை வருஷமும் முழுசாகத் தனியாளாக நின்றார்.

1957 ஆகஸ்ட் 30இல் கலைவாணர் போனார். அதன்பின் மதுரத்தைத் திரையில் பார்ப்பது அரிதாயிற்று. 1974 மே 23இல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

கலைவாணரின் கொடையைப் பற்றித் திண்ணையில் கதைகதையாகப் பேசுவார்கள். வந்தவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார், கடைசியில் கையில் ஒன்றுமில்லை என்று உச்சுக்கொட்டுவார்கள். அப்பாயி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே குறுக்கே பேசுவாள்: "அந்த மனுசன் குடுத்தாரு, சரி. குடுக்காதீங்கன்னு இவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒருத்தனாச்சும் அந்த வாசப்படி ஏறியிருப்பானா?"